கடைசி அரைமணி நேரம்

கண்ணுக்கெட்டிய தூரம் வரையில் அறுவடை முடிந்த கோதுமைத் தாளே தெரிந்தது. மரமில்லை, வீடில்லை, மேடு பள்ளங்கூட இல்லை. அவ்வளவு பெரிய வெளியில், மண்சாலையின் ஓரமாக, இடுப்பளவு உயரத்தில் ஒரு கல் மட்டும் தனித்து நின்றுகொண்டிருந்தது. காரை நிறுத்தச் சொன்னேன்.

"யாருடைய சமாதியம்மா இது?" என்று மகளைக் கேட்டேன்.

"சமாதி இல்லை அப்பா. இங்கே ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. இந்தப் பக்கமெல்லாம் இப்படிப்பட்ட கற்கள் நிறைய இருக்கின்றன" என்றாள்.

கல்லில் பதித்திருந்த தகட்டில் பள்ளியின் பெயரும், பள்ளி வட்டாரத்தின் எண்ணும், பள்ளி தொடங்கிய ஆண்டும், மூடப்பட்ட ஆண்டும் பொறிக்கப்பட்டிருந்தன. வேறு ஒன்றும் இல்லை. முப்பத்து மூன்று ஆண்டுகள் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நான் முதன்முதலாகச் சுண்ணக்கட்டியைக் கையிலெடுத்த பள்ளி இருந்த இடத்தில் இன்று செம்பனை நிற்கின்றது. அங்கே ஒரு பள்ளி இருந்தது என்று சொல்ல ஒரு செங்கல்லும் இல்லை. அதனால்தானோ என்னவோ, அந்தக் கல்லை விட்டு வர எனக்குச் சிறிது நேரம் பிடித்தது.

கனடா நாட்டின் சஸ்காச்சுவான் மாகாணத்தில், கிழக்குப் பகுதியிலுள்ள ஒரு சிறுநகரத்தில் என் மகள் தாதியாகப் பணிபுரிகின்றாள். 2017ஆம் ஆண்டு செப்டம்பரில் நான் அங்குச் சென்றபோது, அவள் வீட்டில் ஒரு கவலை குடிகொண்டிருந்தது. என் பேத்தி வீட்டுக்கு அருகிலுள்ள கத்தோலிக்கப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். நாங்களோ சைவக் குடும்பத்தினர். கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைகள் கத்தோலிக்கப் பள்ளியில் படிப்பதற்கு அரசு பணம் தருவது அரசியல் சட்டத்திற்கு மாறானது என்று அவ்வாண்டு ஏப்ரலில் ஒரு தீர்ப்பு வந்திருந்தது. 2018 ஜூன் முடிவில் அது நடைமுறைக்கு வரும் என்றார்கள். "வருகின்ற ஆண்டு இவளை எங்கே சேர்ப்பது?" என்று மகள் கேட்டாள். நான் என்ன சொல்வது? கனடாவில் கத்தோலிக்கப் பள்ளிக்கு அரசு ஏன் பணம் தரவேண்டும் என்பதே அப்போது எனக்கு விளங்கவில்லை. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஊர் நூலகத்திலும், பழைய சிற்றூர்களிலும், ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியையின் வீட்டிலும் இரண்டு மாதங்கள் சுற்றினேன். அங்கே கண்டதையும் கேட்டதையும் படித்ததையும்தான் இங்கு எழுதுகின்றேன்.

வின்னிபெக் நகரம் இன்று நிற்கும் இடத்தில், செவ்வாற்றின் கரையில், 1818ஆம் ஆண்டு புரொவென்ஷே என்னும் இளங்குருவானவர் வந்து இறங்கினார். கிழக்கே குவிபெக்கிலிருந்து படகிலே வந்தவர். அப்பகுதியில் வாழ்ந்தோரில் பெரும்பாலோர் மெட்டீ மக்கள். பிரெஞ்சு வணிகர்க்கும் அம்மண்ணின் பழங்குடிப் பெண்களுக்கும் பிறந்த வழியினர். புரொவென்ஷே ஆண்பிள்ளைகளுக்குத் தாமே பாடஞ் சொன்னார். பெண்பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஆளில்லை. 1829இல் அப்பொறுப்பை ஏற்றவர்கள் நோலின் சகோதரியர் இருவர். ஆஞ்சலிக், மார்கரித் என்பன அவர்தம் பெயர்கள். அவர்கள் மெட்டீ பெண்மணிகள். பிரெஞ்சோடு பழங்குடி மொழிகளும் அறிந்தவர்கள். பின்னாளில் ஆஞ்சலிக், பேல்கூர் என்ற குருவானவர்க்குச் சோல்ட்டோ மொழிப் பணியில் துணை நின்றார். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றேன். புல்வெளி நாட்டின் முதல் கத்தோலிக்கப் பெண்பள்ளியில் பாடஞ் சொன்னவர்கள் அம்மண்ணின் மக்களே. அம்மண்ணின் மொழி பேசியவர்களே.

1844இல் மான்ட்ரியால் நகரிலிருந்து நான்கு கன்னியர் மரப்பட்டைப் படகிலேறிப் புறப்பட்டனர். சாம்பல்நிறக் கன்னியர் என்பது அச்சபையினரை மக்கள் அழைத்த பெயர். ஏறத்தாழ இரண்டு மாதப் பயணம். ஏரியும் ஆறும், இடையிடையே படகையும் மூட்டையையும் சுமந்து நடக்க வேண்டிய காடும். வந்து சேர்ந்த சில வாரங்களிலேயே பள்ளியைத் தொடங்கினர். பின்னர் அவர்களில் சிலரும் அவர்க்குப் பின் வந்தோரும் இன்னும் மேற்கே, இன்னும் வடக்கே போனார்கள். சாலையும் தொடர்வண்டியும் வருவதற்கு முன்பே அங்கே கன்னியர் பள்ளிகள் வந்துவிட்டன.

1870இல் மனிடோபா தனி மாகாணம் ஆயிற்று. மறுஆண்டே, கத்தோலிக்கர்க்கு ஒரு பள்ளிப் பிரிவும் புராட்டஸ்தாந்தர்க்கு ஒரு பள்ளிப் பிரிவும் என இரண்டு ஏற்படுத்தப்பட்டன. அன்று இருதரப்பாரும் ஏறக்குறைய சம எண்ணிக்கையினர். அடுத்த இருபது ஆண்டுகளில் ஒன்டாரியோவிலிருந்து ஆங்கிலம் பேசுவோர் அலையலையாக வந்து குடியேறினர். எண்ணிக்கை மாறியது, சட்டமும் மாறியது. 1890இல் கிரீன்வே அரசு சமயப் பிரிவுகளை நீக்கி, ஒரே பொதுப்பள்ளி முறையைக் கொண்டுவந்தது. கத்தோலிக்கர் வழக்குத் தொடுத்தனர். வழக்கு லண்டன் வரையில் சென்றது. 1892இல் ஒரு தீர்ப்பு, 1895இல் ஒரு தீர்ப்பு. 1896ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலே இந்தப் பள்ளி வழக்கைச் சுற்றித்தான் நடந்தது எனலாம். அதில் வென்று தலைமையமைச்சரான வில்பிரட் லோரியர் தாமே ஒரு கத்தோலிக்கர், பிரெஞ்சுக்காரர். அவர் கிரீன்வேயுடன் செய்துகொண்ட உடன்பாட்டில்தான் இக்கட்டுரைக்கு நான் தலைப்பாக எடுத்துக்கொண்ட அரைமணி நேரம் வருகின்றது.

பள்ளி எல்லார்க்கும் பொது. ஆனால் மாலை 3.30 மணியிலிருந்து 4 மணி வரை சமயபாடம் நடத்தலாம். நாட்டுப்புறப் பள்ளியானால் 10 பிள்ளைகளின் பெற்றோர் கேட்கவேண்டும். 25 கத்தோலிக்கப் பிள்ளைகள் இருந்தால் கத்தோலிக்க ஆசிரியர் ஒருவரைக் கேட்டுப் பெறலாம். பிரெஞ்சோ வேறெந்த மொழியோ தாய்மொழியாகக் கொண்ட மாணாக்கர் 10 பேர் இருந்தால் ஆங்கிலத்தோடு அம்மொழியிலும் கற்பிக்கவேண்டும்.

பத்து, இருபத்தைந்து. தமிழாசிரியர்களுக்கு இந்தக் கணக்குப் புதிதன்று. நம் நாட்டுத் தேசியப் பள்ளிகளில் தாய்மொழி வகுப்புத் தொடங்க 15 மாணவரின் பெற்றோர் கேட்கவேண்டும் என்ற விதியோடு நம்மில் எத்தனைப் பேர் வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கின்றோம்! பதினான்கு கையெழுத்துக் கிடைத்துவிடும். பதினைந்தாவது கையெழுத்துக்காக நான் ஒருமுறை மழையில் நனைந்துகொண்டு மூன்று மைல் மிதிவண்டியில் சென்றதுண்டு. அந்த வகுப்பும் மற்றப் பாடங்கள் முடிந்து, பிள்ளைகள் பசித்துக் களைத்த பிறகுதான் நடந்தது. ஆகவே, 'கடைசி அரைமணி' என்ற சொல்லைப் படித்ததும் அதன் பொருள் எனக்கு உடனே புரிந்தது.

உடன்பாடு யாருக்கும் நிறைவளிக்கவில்லை. செயிண்ட் போனிபேஸின் பேராயர் லான்ஜவான் கடுமையாக எதிர்த்தார். போப்பாண்டவர் பதின்மூன்றாம் சிங்கராயர் 1897 டிசம்பரில் எழுதிய திருமடலில், இது குறைபாடுடையது என்று சொல்லிவிட்டு, கிடைப்பதை வாங்கிக்கொண்டு மேலும் கேளுங்கள் என்னும் கருத்துப்பட அறிவுரை கூறினார். மொழி பற்றிய விதியை பிரெஞ்சுக்காரர் மட்டுமன்றி ஜெர்மானியர், போலந்தியர், உக்ரேனியர் ஆகியோரும் பயன்படுத்திக்கொண்டனர். முதல் உலகப்போர்க் காலத்தில், 1916இல், அந்த விதி அடியோடு நீக்கப்பட்டது. அதன் பிறகு பிரெஞ்சுச் சிற்றூர்களில் நடந்த கதையை அம்மக்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கின்றார்கள். பிரெஞ்சு நூல்களைப் படித்துக்கொண்டிருப்பார்களாம். கல்வி ஆய்வாளரின் வண்டி வருகின்றது என்று தெரிந்தால், அவை மறைந்து ஆங்கில நூல்கள் மேசைமேல் வந்துவிடுமாம். சிரிப்பு இப்போது வருகின்றது. அன்று அந்த ஆசிரியைக்கு நெஞ்சு எப்படி அடித்திருக்கும்! கனடாவின் பெரும் எழுத்தாளரான கேப்ரியல் ருவா அக்காலத்துப் பிள்ளைதான். செயிண்ட் போனிபேஸில் கன்னியர் பள்ளியில் பயின்று, மனிடோபாச் சிற்றூர்ப் பள்ளிகளிலும் பின் தம் ஊரிலும் ஆசிரியராக இருந்தவர் அவர்.

சஸ்காச்சுவான் கதை சற்று வேறு. அது 1905இல்தான் மாகாணம் ஆயிற்று. ஓர் ஊரில் எந்தச் சமயத்தார் சிறுபான்மையினரோ, கத்தோலிக்கராயினும் புராட்டஸ்தாந்தராயினும், அவர்கள் தம் பள்ளிவரியைத் தனியே எடுத்துக்கொண்டு தனிப்பள்ளி நடத்தும் உரிமை அங்கே முன்பே இருந்தது. அதை மாகாணத்தை உருவாக்கிய சட்டத்தின் 17ஆம் பிரிவிலேயே எழுதிவைத்தனர். அந்தச் சட்டவரைவை எதிர்த்து, கிளிபர்ட் சிப்டன் என்ற அமைச்சர் பதவியையே துறந்தார். என் பேத்தியின் பள்ளிக்கு அரசு பணம் தருவது ஏன் என்ற கேள்விக்கு விடை 1905இல் கிடைத்துவிட்டது.

ஆனால் ஒரு வேடிக்கை. நாட்டுப்புறத்துக் கத்தோலிக்கரில் பலர்க்கு இந்த உரிமை தேவைப்படவே இல்லை. ஏனெனில் அவர்கள் கூட்டங்கூட்டமாக ஒரே இடத்தில் குடியேறியவர்கள். 1903இல் பெனடிக்டின் துறவியர், அமெரிக்காவின் மின்னசோட்டாவிலிருந்து ஜெர்மன் மொழி பேசும் உழவர்களை அழைத்து வந்து மன்ஸ்டர் என்னும் ஊரைச் சுற்றிப் புனித பேதுரு குடியேற்றத்தை அமைத்தனர். 10 டாலர் கட்டினால் 160 ஏக்கர் நிலம். 1904இலேயே சொந்தமாக ஒரு ஜெர்மன் வார இதழ். ஜெர்மனியிலிருந்து வந்த உர்சுலைன் கன்னியர் அங்கே பள்ளிகளில் கற்பித்தனர். புரூனோ என்ற சிற்றூரில் மடமும் மாணவியர் விடுதிப் பள்ளியும் நடத்தினர். இத்தகைய ஊரில் கத்தோலிக்கரே பெரும்பான்மை. சட்டப்படி அது பொதுப்பள்ளி; பலகையிலும் அப்படியே எழுதியிருக்கும். உள்ளே போனால் கரும்பலகைக்கு மேலே சிலுவை. பாடஞ் சொல்பவர் ஒரு கன்னியர். பள்ளி முடிய அரைமணி நேரம் இருக்கும்போது மறைக்கல்வி.

பள்ளியை நடத்தியவர்கள் யார் என்பதும் கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு சிறு வட்டாரத்திலும் வரிகட்டும் உழவர்கள் கூடி மூவரைப் பொறுப்பாளராகத் தேர்ந்தெடுத்தனர். ஆசிரியரை அமர்த்துவது, சம்பளம் பேசுவது, அடுப்புக்கு விறகும் நிலக்கரியும் சேர்ப்பது, கடைசி அரைமணி நேரத்தில் சமயபாடம் வேண்டுமா என்று முடிவு செய்வது ஆகிய அனைத்தும் அந்த மூவர் கையில். குருவானவர் கோபித்துக்கொண்டாலும் சரி, கல்வி ஆய்வாளர் குறை சொன்னாலும் சரி, மாலையில் பால் கறந்துவிட்டு வந்து விளக்கருகே உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் அந்த மூன்று உழவர்களின் சொல்லுக்குத்தான் மதிப்பு.

நான் சந்தித்த ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு அப்போது வயது 88. கருங்கடற்கரையிலிருந்து வந்து குடியேறிய ஜெர்மானியக் கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவர். கைத்தடியோடு வாசலுக்கே வந்து என்னை அழைத்துச் சென்றார். நானும் ஆசிரியன் என்று அறிந்ததும் அவர் கேட்ட முதற் கேள்வி: "ஒரே அறையில் எத்தனை வகுப்புகள் வைத்துக்கொண்டிருந்தீர்கள்?" மூன்று என்றேன். "எனக்கு எட்டு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். பத்தொன்பது வயதில் ஓரறைப் பள்ளிக்கு ஆசிரியையாகப் போனாராம். குளிர்காலத்தில் வெளியே சுழிக்குக் கீழே முப்பது பாகை. விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டினால்தான் ஒன்பது மணிக்கு மைக்குப்பி உருகும். பிள்ளைகள் குதிரையிலும் பனிச்சறுக்கு வண்டியிலும் வருவார்கள். பள்ளி வளாகத்திலேயே குதிரைகளுக்கு ஒரு கொட்டில் உண்டு.

அவரினும் மூத்த தமக்கை ஒரு கன்னியரிடம் படித்தவராம். 1930இல் நடந்ததை அத்தமக்கை சொல்லிச் சொல்லி இவருக்கு மனப்பாடம். 1929இல் ஆண்டர்சன் தலைமையில் ஒரு கூட்டணி சஸ்காச்சுவானில் ஆட்சியைப் பிடித்தது. அதற்கு முந்திய இரண்டு மூன்று ஆண்டுகளில் கூ கிளக்ஸ் கிளான் என்னும் வெறிக்கூட்டம் அமெரிக்காவிலிருந்து அங்கு நுழைந்து, கத்தோலிக்கர்க்கும் குடியேறிகளுக்கும் எதிராக ஊர் ஊராகக் கூட்டம் போட்டிருந்தது. 1930இல், பொதுப்பள்ளியில் துறவியர் உடையும் சமயச் சின்னங்களும் கூடா என்று சட்டம் திருத்தப்பட்டது. அடுத்த ஆண்டு, முதலாம் வகுப்பில் பிரெஞ்சில் கற்பிக்க இருந்த சலுகையும் நீக்கப்பட்டது. கன்னியர் உடையை விடவேண்டும். இல்லையேல் வேலையை விடவேண்டும். சுவரிலிருந்த சிலுவையைக் கழற்றவேண்டும். "கழற்றினால் சுவரில் வெள்ளையாக ஒரு சிலுவை இருந்தது. அங்கே மட்டும் புகை படியவில்லை. அதை என்ன செய்வார்கள்?" என்று கேட்டார் அந்த அம்மையார். 1934இல் அந்த ஆட்சி போயிற்று.

ஆனால் அந்த ஆண்டுகளில் மக்களை வாட்டியது சட்டத்தைவிட வறட்சியே. விளைந்த மண்ணெல்லாம் காற்றில் பறந்தது. கோதுமைக்கு விலையில்லை. பள்ளிவரி வரவில்லை, ஆகவே சம்பளமும் இல்லை. ஆசிரியர்க்குக் கடன்சீட்டு எழுதிக் கொடுத்தனர். அல்லது உழவர் வீட்டில் சோறும் படுக்கையும். ரெஜைனாவுக்குத் தெற்கே வில்காக்ஸ் என்னும் சிற்றூரில் அத்தோல் மரே என்ற குருவானவர், 1927இல் வந்தவர், கன்னியர் தொடங்கியிருந்த பள்ளியோடு ஒரு கல்லூரியையே அக்காலத்தில் உருவாக்கினார். பணமில்லாத பிள்ளைகளைத் திருப்பி அனுப்பவில்லை. விளைபொருளாகக் கட்டணம் பெற்றார். பனிவளைகோல் ஆட்டத்தில் அப்பள்ளி நாடறிந்த பெயர் பெற்றது. அந்தப் பொட்டல் வெளியில் அவர் 15ஆம் நூற்றாண்டில் அச்சான நூல்களைத் தேடிச் சேர்த்து மாணவர்க்குக் காட்டினார் என்பதை அறிந்தபோது எனக்குப் பொறாமையாகவே இருந்தது. அவர் 1975இல் மறைந்தார், பள்ளி இருக்கின்றது.

இதுவரையில் நான் எழுதியதைப் படித்தோர், ஏழை உழவர்கள் எதிர்ப்புகளுக்கிடையே தம் பள்ளியைக் காத்த நல்ல கதை என்று எண்ணக்கூடும். நானும் லெப்ரே என்ற ஊருக்குப் போகும்வரையில் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

லெப்ரே, காப்பெல் பள்ளத்தாக்கில் ஏரிக்கரையில் உள்ள அழகான சிற்றூர். காப்பெல் என்ற பிரெஞ்சுப் பெயருக்கு, 'அழைப்பவர் யார்' என்பது பொருள். கல்லால் கட்டிய மாதாகோவில். பின்னால் குன்றின் மேல் வெண்ணிறத்தில் ஒரு சிறு கோவில். இங்கு 1884இல் அரசின் பணத்தில் ஒரு விடுதிப் பள்ளி திறக்கப்பட்டது. நடத்தியவர்கள் ஓப்லேட் சபைக் குருமார். உடன் பணியாற்றியவர்கள், நான்கு பேராகப் படகிலே வந்தார்கள் என்று மேலே எழுதினேனே, அந்தச் சாம்பல்நிறக் கன்னியர் சபையினர். பிள்ளைகளோ பழங்குடிப் பிள்ளைகள். பெற்றோரிடமிருந்து பிரித்து, முடியை வெட்டி, வேறு உடை உடுத்தி, வேறு பெயர் சூட்டி வைத்திருப்பதற்கென்றே ஏற்பட்ட பள்ளிகளில் அது ஒன்று. அக்காலத்துப் புகைப்படம் ஒன்று இருக்கின்றது. பள்ளிக் கட்டடம், வேலி, வேலிக்கு வெளியே கூடாரங்கள். பிள்ளைகளைப் பார்க்க வந்த குடும்பங்கள் அந்தக் கூடாரங்களில் தங்கினார்கள். அந்தப் படத்தை நான் நெடுநேரம் பார்த்தேன்.

1920இல், 7 வயது முதல் 15 வயது வரையிலான பழங்குடிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதைச் சட்டம் கட்டாயமாக்கியது. கனடா முழுவதிலும் ஏறத்தாழ 1,50,000 பிள்ளைகள் இத்தகைய விடுதிப் பள்ளிகளில் வாழ்ந்தனர். பள்ளிகளில் பெரும்பகுதியைக் கத்தோலிக்கச் சபைகளே நடத்தின. அவற்றை ஆராய்ந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் இறுதி அறிக்கையை வெளியிட்டது. தம் தாய்மொழியைப் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டதையும், பசியையும், அடியையும், அதனினும் கொடியவற்றையும் முன்னாள் மாணவர் பலர் அதன்முன் எடுத்துரைத்தனர். நோயாலும் கவனிப்பின்மையாலும் வீடு திரும்பாமலே மாண்ட பிள்ளைகள் ஆயிரக்கணக்கினர். நான் அங்கிருந்து திரும்பி வந்தபின், 2021 ஜூன் மாதத்தில், அதே பகுதியிலுள்ள கவசஸ் மக்கள் தம் ஊரிலிருந்த பழைய மாரிவால் விடுதிப் பள்ளியின் அருகே, நிலத்தடி ரேடார் வழியாக 751 அடையாளமற்ற புதைகுழிகள் இருப்பதாகத் தெரியவந்தது என்று அறிவித்தனர். 2022 ஜூலை 25ஆம் நாள், போப்பாண்டவர் பிரான்சிஸ் ஆல்பெர்ட்டாவிலுள்ள மஸ்க்வாசிஸ் என்னுமிடத்துக்கு நேரில் வந்து மன்னிப்புக் கேட்டார்.

அறுபது ஆண்டு இடைவெளிகூட இல்லை. 1829இல் நோலின் சகோதரியர் அம்மண்ணின் மொழிகளை நாவில் கொண்டு பள்ளி நடத்தினர். 1884இல் அதே சமயத்தார்; ஆனால் அம்மொழி பேசும் தாய் வேலிக்கு வெளியே. இடையில் என்ன நேர்ந்தது என்று நான் பலநாள் எண்ணிப் பார்த்தேன். அரசின் கொள்கை என்பார்கள், நிலப்பசி என்பார்கள், இரண்டும் உண்மை. எனக்குத் தோன்றியது ஓர் ஆசிரியனின் எண்ணம். மன்ஸ்டரைச் சுற்றிய உழவர் ஊரில் திருச்சபைக்குக் கிடைத்தது நாளில் அரைமணி நேரம். அதுவும் மூன்று உழவர்கள் சரி என்றால்தான். நான்கு மணிக்குப் பிள்ளை குதிரையேறித் தன் தாயிடம் போய்விடும். லெப்ரேயில் அவர்களுக்கு இரவும் பகலும், 24 மணி நேரமும் கொடுக்கப்பட்டிருந்தது, கேட்பார் ஒருவருமில்லை. கன்னியர்கள் அங்கே நல்லவர்கள், இங்கே தீயவர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. இரண்டு இடங்களிலும் இருந்தவர்கள் ஒரே சமயத்தின் கன்னியர்கள் என்பதுதான் என்னை உறுத்துகின்றது. பிரம்பு பிடித்த கை என் கையும். பெற்றோர் வாசலில் நின்று கேட்பார்கள் என்ற அச்சம் எத்தனை முறை என் கையைத் தாழ்த்தியிருக்கின்றது என்பது எனக்குத் தெரியும்.

உழவர் ஊர்ப் பள்ளிகளின் முடிவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சஸ்காச்சுவானில் ஏறத்தாழ 5,000 பள்ளி வட்டாரங்கள் இருந்தன. 1944இல் பதவிக்கு வந்த டக்ளஸ் அரசு, அவற்றைப் பெரும் வட்டாரங்களாக இணைத்தது. நல்ல நோக்கந்தான், ஆசிரியர்க்கு ஒழுங்கான சம்பளமும், பிள்ளைகளுக்கு நூலகமும் அறிவியற் கூடமும் வந்தன. ஆனால் மூன்று உழவர்களின் அதிகாரம் தொலைவிலுள்ள நகரத்துக்குப் போயிற்று. சாலையும் பள்ளிப் பேருந்தும் வந்தன. நிலங்கள் பெரிதாகிப் பண்ணைகள் குறைந்தன. 1960களில் ஓரறைப் பள்ளிகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. நகரத்துப் பள்ளியில் கத்தோலிக்கர் சிறுபான்மையினர் ஆகிவிட்டதால், அதுவரையில் தேவைப்படாத தனிப்பள்ளி உரிமை இப்போது தேவைப்பட்டது. 1964இல் அந்த உரிமை உயர்நிலைப் பள்ளிகளுக்கும் விரிந்தது. அதேவேளையில் மடங்களில் இளங்கன்னியர் சேர்வது குறைந்தது. விடுதிப் பள்ளிகள் மூடப்பட்டன. எங்கும் எஞ்சியவை அந்தக் கற்களே.

என் மகளின் கவலைக்குக் காரணமான வழக்கு இந்தக் கதையின் கடைசி ஏடு. தியடோர் என்பது யார்க்டன் நகருக்கு அருகேயுள்ள சிற்றூர். 2003இல் அங்கிருந்த பொதுப்பள்ளியில் 42 பிள்ளைகள் மட்டுமே இருந்ததால், அதை மூடிவிட்டு 17 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊருக்குப் பேருந்தில் அனுப்ப முடிவாயிற்று. அவ்வூரின் கத்தோலிக்கர் சிறுபான்மையினர். அவர்கள் 1905ஆம் ஆண்டுச் சட்டத்தின் உரிமையைக் கையிலெடுத்துத் தனிப்பள்ளி வட்டாரம் ஒன்றை அமைத்து, அதே கட்டடத்தை வாங்கி, அதே ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்துப் பள்ளியைத் திறந்துவிட்டனர். கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைகளும் வந்தனர். பள்ளி ஊருக்குள்ளேயே இருந்தால் போதும் என்பதே அவர்தம் பெற்றோரின் எண்ணம். பொதுப்பள்ளி வாரியம் வழக்குத் தொடுத்தது. சமயத்துக்காகத் தந்த உரிமையை ஊர்ப்பள்ளியைக் காப்பாற்றப் பயன்படுத்தலாமா என்பது அதன் வாதம். நேர்மையாகச் சொன்னால், அந்த வாதத்திலும் நியாயம் உண்டு. தோட்டம் துண்டாடப்பட்டுப் பள்ளி மூடப்படும் என்று அறிவித்தபோது, அந்தத் தியடோர் மக்கள் செய்ததைப் போன்ற ஒரு குறுக்குவழி எங்களுக்குக் கிடைத்திருந்தால் நாங்கள் விட்டிருப்போமா என்றும் நினைத்துக்கொள்கின்றேன்.

2017ஆம் ஆண்டுத் தீர்ப்பு பொதுப்பள்ளி வாரியத்தின் பக்கம் நின்றது. மாகாண அரசு, அரசியல் சட்டத்தின் 33ஆம் பிரிவைத் துணைகொண்டு, பணம் தொடர்ந்து கிடைக்க 2018இல் சட்டம் இயற்றியது. 2020 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 2021 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் வழக்கை மேற்கொண்டு கேட்க மறுத்துவிட்டது. என் பேத்தி பள்ளி மாறவில்லை.

அந்த ஆசிரியை அம்மையாரிடம் விடைபெறச் சென்ற நாளில், அவர் தம் ஓரறைப் பள்ளியின் புகைப்படத்தை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். படியில் மூன்று வரிசையாகப் பத்தொன்பது பிள்ளைகள். ஓரத்தில் அவரே, மெலிந்த இளம்பெண்ணாக. ஒவ்வொருவரின் பெயரையும் சொன்னார். இவன் போருக்குப் பிறகு ஆல்பெர்ட்டாவுக்கு எண்ணெய் வேலைக்குப் போனான். இவள் என்னைப் போல் ஆசிரியை. இந்த இரட்டையரில் ஒருவன் ஏரியில் மூழ்கிவிட்டான்.

"கடைசி அரைமணி நேரத்தில் கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைகளை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன்.

"விருப்பமில்லாதவர்கள் போகலாம் என்பது சட்டம். ஆனால் அந்தக் குளிரில் எங்கே போவார்கள்? அண்ணன்மார் முடித்து வந்தால்தான் குதிரை கிளம்பும். அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படம் வரையுங்கள் என்பேன். எல்லாப் பிள்ளைக்கும் அந்த இடத்தின் மேல் கண். அடுத்த ஜன்மத்தில் லூத்தரனாகப் பிறக்கவேண்டும் என்று ஒரு கத்தோலிக்கப் பையன் சொன்னான்" என்று சிரித்தார்.

"இதில் அவர்கள் யார் யார்?"

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, படத்தின்மேல் விரலை மெல்ல நகர்த்தினார். இரண்டாம் வரிசையில் காதுமடல் விரிந்த ஒரு சிறுவனிடம் விரல் நின்றது. "இவன் ஒருவன், நிச்சயம். எப்போதும் குதிரைதான் வரைவான்." விரல் மறுபடியும் நகர்ந்தது; கடைசி வரிசை வரையில் போய்த் திரும்பி வந்தது. "இன்னும் நான்கைந்து பேர் இருந்தார்கள். எழுபது ஆண்டு ஆகிவிட்டதே, மறந்துவிட்டது" என்று சொல்லிவிட்டு, எனக்குத் தேநீர் கலக்க எழுந்து போனார்.